பெட்டக வாசனையும் சீடர் மரமும்

வணக்கம். காரைக்குடி அப்பத்தா வீட்டுப் பெட்டகத்தைத் திறந்ததும் வரும் வாசனையைத் தேடி சீடர் (cedar) மர வாசனை சென்ட் வாங்கினேன், வெறும் பென்சில் சீவல் மாதிரி அடிக்கிறது, ஏமாந்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஏமாறவில்லை. நெடுங்காலம் பென்சில் செய்ததே வர்ஜீனியா சீடரில்தான். பெயர்தான் சீடர், உண்மையில் அது ஜூனிபர் என்ற வேறொரு ஊசியிலை மர இனம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரம் என்றால் பெரும்பாலும் பர்மா தேக்கு. அதில் எண்ணெய்ப் பிசுக்கும் லேசான தோல் வாடையும் உண்டு. கூடவே கற்பூரம், வருஷக்கணக்கில் மடித்து வைத்த பட்டு. சீடரில் அந்தப் பிசுக்கு இல்லை. எனக்கு அதுவே பிடிக்கும். இனிப்பு இல்லை, பூ இல்லை. மத்தியான வெயிலில் காய்ந்த நிலைக்கதவில் கன்னத்தை வைத்த மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் மல்லிகை அத்தர் எனக்குத் தலைவலி தரும். இது மூச்சை அடைக்காது.

சரி, நாட்டு மருந்துக் கடையில் தேவதாரு கட்டை கேளுங்கள். இமயமலைச் சீடர் அதுதான். பிசின் வாடையும் கொஞ்சம் இனிப்பும் இருப்பதால் உங்கள் பெட்டகத்துக்கு இன்னும் நெருக்கம். இரண்டு துண்டை வெட்டிவேரோடு துணியில் முடிந்து சேலைகளுக்கு நடுவில் வையுங்கள்.

அப்புறம், வாங்கிய சென்டைத் தூக்கிப் போடாதீர்கள். பருத்தித் துண்டின் ஓரத்தில் ஒரு முறை அடித்து, அரை மணி நேரம் கழித்து முகருங்கள். ஆல்கஹால் நெடி போன பிறகுதான் கட்டை வாசனை எழும்.