பரந்தனில் இருந்து வரும் தம்பிக்கு, மஞ்சள் பஸ்ஸைப் பற்றி

தம்பி, அடுத்த மாதம் பரந்தனில் இருந்து கனடாவுக்கு, ஸ்காபரோ வருவதாக எழுதி, அறை வாடகை, குளிர் உடுப்பு, ஊர் டிரைவிங் லைசென்ஸ் செல்லுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாடகையை, உங்களைக் கூப்பிடுகிற சொந்தக்காரரிடமே கேளுங்கள். கொழும்பில் வாங்கும் ஜாக்கெட் இங்கத்தைக் குளிருக்குக் காணாது, காசைக் கரியாக்க வேண்டாம். மூன்றாவதற்கு வருகிறேன், அதில் நான் நன்றாக வாங்கிக் கட்டியவன்.

இங்கே குடியேறியபின் ஊர் லைசென்ஸோடு 60 நாள் ஓடலாம். பிறகு பழகுகிறவர்களுக்கான ஜீ1, அடுத்து ஜீ2, கடைசியில் முழு லைசென்ஸான ஜீ என்று படிப்படியாக ஏற வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். குறியீடு 20, சட்டம் 20, ஒவ்வொன்றிலும் 16 சரிவந்தால் பாஸ். எங்கட ஆட்கள் பிழைவிடுகிற இடமும் இதுதான். என் காலத்தில் போட்டோக்கொப்பி, இப்போது வாட்ஸ்அப். கேள்வி பதிலைப் பாடமாக்கிப் பாஸ் பண்ணுவார்கள், கையேட்டை ஒருத்தரும் திறக்கமாட்டார்கள். நானும் திறக்கவில்லை.

நான் வந்தது 2010 மார்கழி. அடுத்த தை மாதத்துக்குள் ஜீ2 எடுத்து, ஒரு பழைய கொரோலாவும் வாங்கிவிட்டேன். ஒருநாள் இரவு வேலை முடித்து, கண்ணுக்குள் மண் போட்ட மாதிரி நித்திரையோடு வருகிறேன். எதிர்ப்பக்கத்தில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் நிற்கிறது. மேலே சிவப்பு விளக்கு மினுங்குகிறது, பக்கத்தில் ‘ஸ்டொப்’ பலகை கை நீட்டின மாதிரி வெளியே வந்திருக்கிறது. அது அந்தப் பக்கம்தானே, எனக்கென்ன என்று தாண்டிப் போனேன். இரண்டு லைற் தள்ளிப் பொலிஸ் பிடித்தது. நடுவில் திட்டு இல்லாத றோட்டில் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும் தம்பி. தண்டம் 400 டொலரில் தொடங்கி 2000 மட்டும் போகும், கூடவே லைசென்ஸில் 6 தண்டப் புள்ளி. ஜீ2 காரனுக்கு லைசென்ஸும் 30 நாள் போய்விடும். அந்த 30 நாளும் விடிய நாலரைக்கு, பனிக்குள், மூக்கு மரத்துப்போய் பஸ்ஸுக்கு நின்றேன். அதுகூடப் பரவாயில்லை, இன்சூரன்ஸ்காரன் ஏற்றின ஏற்றத்துக்குக் காரையே விற்றிருக்கலாம்.

நடைபாதைக் கடவையும் அப்படித்தான். 2016 தொடக்கம், கடக்கிற ஆள் மற்றப் பக்க நடைபாதையில் ஏறும் வரைக்கும் நிற்க வேண்டும், பாதி தாண்டினவுடன் வெட்டிக்கொண்டு போகக்கூடாது. ஐப்பசி முடிய இங்கே நேரத்தை மாற்றுவார்கள், ஐந்து மணிக்கே இருட்டு. கறுப்புக் கோட்டோடு எங்கட அம்மாமார் கோயிலுக்கு நடந்து போவது கிட்ட வரும்வரைக்கும் தெரியாது.

இதையெல்லாம் ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் அரை மணித்தியாலம் சொல்லவிடுங்கள் என்று கேட்டேன். கரோக்கிக்கும் அதிர்ஷ்டச் சீட்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் தந்தார்கள், அதற்குள் கொத்துரொட்டி வந்துவிட்டது. 30 வருடம் இங்கே இருக்கிறவர்கள்தான் மோசம். புதிசாக வருகிற பிள்ளை பிழைவிட்டால் ‘வன்னியான்’ என்று சிரிப்பார்கள், தாங்கள் ஸ்டொப் பலகையில் உருட்டிக்கொண்டு போவார்கள். எங்கட வன்னி ஆட்களுக்கா சட்டம் தெரியாது? 2002 இல் எங்கட வன்னியால் போகிற ஏ9 றோட்டு திறந்தபோது வேகமாக வந்து தண்டம் கட்டினவர்களில் முக்கால்வாசி வெளியில் இருந்து வந்தவர்கள் என்றுதான் நாங்கள் கதைப்போம். அந்த றோட்டில் முறிகண்டிக் கோயிலடியில் எவன் நிறுத்தாமல் போவான்? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் சரையை வாங்கிக்கொண்டுதானே ஏறுவோம். மஞ்சள் பஸ்ஸையும் அந்தக் கணக்கில் வையுங்கள்.

போன வருடம் ஊருக்கு வந்திருந்தேன். என்ர சொந்தத் தம்பியின் வானை ஓட்டிக்கொண்டு கிளிநொச்சியால் வரும்போது வெள்ளைச் சீருடையோடு நாலு பிள்ளைகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு றோட்டோரம் நின்றார்கள். பழக்கத்தில் நிறுத்திவிட்டேன். பின்னால் தனியார் பஸ்காரன் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவேயில்லை. பிள்ளைகள் கடக்கவுமில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒருவன் சைக்கிளை மற்றவனிடம் கொடுத்துவிட்டுக் கிட்ட வந்து கேட்டான்: “ஸ்டார்ட் வரேல்லையோ மாமா, தள்ளிவிடவோ?”