மாடிக்கு ஒருவர் என்ற கணக்கு

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் எட்டு மாடி அலுவலகக் கட்டடமொன்றில் சுத்திகரிப்பு வேலைகளுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒவ்வொரு மாடியும் ஏறத்தாழ 4,000 சதுர அடி. மாடிக்கு இரண்டு கழிவறைகள். மாடிக்கு ஒருவராக எட்டுப் பேர் மாலை 5 மணி முதல் 9 மணி வரை வேலை செய்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய மாடி அப்படியே கிடக்கிறது. நண்பகலுக்குள் கழிவறை நாறுகிறது என்று தினமும் முறைப்பாடு வருகிறது. மூன்று மாதங்களில் இருவர் விலகிவிட்டார்கள். மேலதிகமாக ஆட்களைக் கேட்டால் நிருவாகம் மறுக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்களுக்கு ஆள் போதாது என்று எனக்குத் தோன்றவில்லை. வேலையை மாடியாகப் பிரித்ததில்தான் சிக்கல் இருக்கிறது. எந்த இடத்துக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகத் தெரியும் என்பது அந்த முறையின் நன்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே ஆள் நான்கு மணி நேரத்துக்குள் குப்பை எடுத்து, மேசை துடைத்து, தரை பெருக்கி, கழிவறையும் கழுவ வேண்டியிருப்பதால், கருவிகளை எடுப்பதிலும் வைப்பதிலுமே கணிசமான நேரம் போய்விடுகிறது. எல்லாவற்றையும் விட, கழிவறை அழுக்காவது பகலில், நீங்கள் கழுவுவது இரவில்.

முதலில் ஒரு மணிக்கூட்டை வைத்துக்கொண்டு ஒரு கழிவறையைக் கழுவ எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பதினாறு கழிவறைகளுக்கு 320 நிமிடம். இருவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிகிறது, மீதி நேரத்தில் அவர்களே படிக்கட்டையும் மின்தூக்கியையும் பார்த்துக்கொள்ளலாம். குப்பைக்கும் மேசைகளுக்கும் இருவர், அவர்களுக்குப் பின்னால் தரைக்கு இருவர் என்று விட்டால் ஒருவருக்கு நான்கு மாடிகள், மாடிக்கு ஒரு மணி நேரம். தூசு கீழே விழுவதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எஞ்சும் இருவரையும் காலை 10 மணி முதல் 2 மணி வரை வரச் சொல்லி, கழிவறைகளையும் தேநீர் அறைகளையும் முன்வாசலையும் சுற்றிச் சுற்றிப் பார்க்க வையுங்கள். அவிசாவளை போன்ற தூர இடங்களிலிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்கு, அவர்கள் விரும்பினால், இந்தப் பகல் நேரத்தைக் கொடுப்பது நல்லது.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கழிவறை வேலை ஒருவர் தலையிலேயே நிரந்தரமாக விழுந்துவிடும். நம்மவர்களிடையே அந்த வேலையோடு சேர்ந்து என்னென்ன பார்வைகள் ஒட்டிக்கொள்கின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மாதத்துக்கு ஒரு முறை எல்லோரையும், விலக்கின்றி, சுழற்றுங்கள். அந்த அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பொருள்கள் வைக்கும் அறைக் கதவில் ஒட்டுங்கள். பெயர் சொல்லியோ அக்கா, அண்ணன் என்றோ அழைக்காமல் "ஏய்" என்று கூப்பிடுகிற அலுவலக உத்தியோகத்தர் எவராவது இருந்தால், அவரிடம் பேச வேண்டியவரும் நீங்கள்தான்.

ஒருவர் வராத நாளில் எதை விடலாம் என்பதை இப்போதே முடிவு செய்துவையுங்கள். உட்புறக் கண்ணாடியும் அலுமாரி மேற்புறமும் ஒரு நாள் காத்திருக்கலாம். கழிவறையும் குப்பையும் தேநீர் அறையும் காத்திருக்க முடியாது.

துணிகளுக்கு நிறம் பிரியுங்கள்: கழிவறைக்குச் சிவப்பு, கை கழுவும் தொட்டிக்கு மஞ்சள், தேநீர் அறைக்குப் பச்சை, மேசைகளுக்கு நீலம். மைக்ரோஃபைபர் துணியை இரண்டு முறை மடித்தால் துடைப்பதற்கு எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். அதை ப்ளீச்சிலோ துணி மென்மையாக்கியிலோ நனைத்தால் அதன் பிடிப்பு போய்விடும். மொப்புக்கு இரண்டு வாளிகள் வேண்டும், ஒன்றில் மருந்து நீர், மற்றதில் அலசும் நீர். கிருமிநாசினியைத் தெளித்தவுடனே துடைத்துவிடாமல், போத்தலில் குறித்துள்ள நேரம் வரை ஈரமாக விட வேண்டும்; அவசரத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான். அமிலமுள்ள கழிவறைத் திரவத்தோடு ப்ளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை, கதவு மூடிய சிறிய அறைக்குள் வேலை செய்பவர்களுக்குப் பலமுறை சொல்லுங்கள். கடற்பக்கக் கண்ணாடியில் படியும் உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்குள் முன்வாசலுக்கு நீளமான கால்மிதியொன்றை நிருவாகத்திடம் கேட்டு வாங்குங்கள். அது தரை வேலையைப் பாதியாகக் குறைக்காவிட்டாலும், வழுக்கி விழுவதையாவது குறைக்கும்.

விலகிய இருவரைப் பற்றி: அவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 வீதமும் தொழில்தருநர் பங்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநரின் 3 வீதமும் ஒழுங்காகச் செலுத்தப்பட்டனவா என்று விசாரியுங்கள். இருவரும் எந்த மாடிகளைப் பார்த்தவர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதிகமானோர் வேலை செய்யும் மாடிகளே அவர்களுடையவையாக இருந்திருந்தால், புதிய அட்டவணையைக் காட்டி, அவர்களை முதலில் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள்.