அல்சூரில் ‘வள்ளி திருமணம்’: சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்தை இரண்டரை மணி நேரத்தில் போட முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: பெங்களூரு அல்சூர்ப் பக்கம் ஒரு தமிழ் மன்றம். ஆண்டு விழாவுக்கு சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ போட ஆசை. அவர் எப்படிப்பட்ட நாடகக்காரர், அவர் எழுதியதை இன்றைக்குச் சுருக்கிப் போட முடியுமா?

முடியும். ஆனால் படுதாவுக்கும் கிரீடத்துக்கும் வாடகை பேசும் முன் பாடுகிறவர்களைத் தேடுங்கள். இந்த நாடகம் விழுவது பெரும்பாலும் பாட்டில்தான், சீனில் அல்ல. ஏன் என்பது அவர் தொழில் செய்த விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு படித்தார். உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் 24 வயதில், 1891-ல், நாடகக் கம்பெனிக்கு வந்துவிட்டார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயமுறுத்தும் வேடங்களாகக் கட்டினார். சனீஸ்வரன் வேடத்தில் அவரைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்தது, அதோடு வேடம் கட்டுவதையே விட்டார் என்ற கதையைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது புதுக்கோட்டைப் பழக்கம். கஞ்சிராவில் பேர்போன மாமுண்டியா பிள்ளை அவரை வளர்ப்பு மகனாகவே ஏற்று லயம் சொல்லிக்கொடுத்தார். இலக்கணத்தில் ஒரு கால், தாளத்தில் ஒரு கால். அவர் பாட்டில் அசை எங்கே விழுகிறதோ அங்கேதான் தாள அடியும் விழும். அதனால்தான் அச்சடித்த பாட்டில் கை வைத்தால் உடனே தடுக்கும்.

அவர் எழுதியது ஏறத்தாழ 40 நாடகம் என்பது ஒரு கணக்கு, 68 என்பது இன்னொரு கணக்கு. இத்தனை எப்படி முடிந்தது? ‘அபிமன்யு சுந்தரி’யை, நான்கு மணி நேரம் ஓடக்கூடிய நாடகத்தை, ஒரே இரவில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் தி.க. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். தெய்வ அருள் என்று விட்டுவிடலாம், தொழிலாகவும் பார்க்கலாம். கதை ஊருக்கே தெரிந்த புராணம். வெண்பா, விருத்தம், சிந்து, கண்ணி, கும்மி என்று அச்சுகள் கைவசம் தயார். மெட்டுக்கும் பஞ்சமில்லை: கர்நாடகக் கீர்த்தனை, காவடிச்சிந்து, பம்பாயிலிருந்து வந்த பார்சிக் கம்பெனிகள் தெற்கே பரப்பிவிட்டுப் போன இந்துஸ்தானி மெட்டுகள். பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலே ராகம், தாளம், ‘இன்ன வர்ணமெட்டு’ என்று குறிப்பு இருப்பது இதனால்தான். ஹார்மோனியக்காரருக்கு அந்த ஒரு வரி போதும்.

இப்படி அச்சில் வார்த்த நாடகம் என்பதால்தான் பின்னாளில் ஸ்பெஷல் நாடகம் சாத்தியமானது. ராஜபார்ட் எனும் கதாநாயகன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் எனும் கதாநாயகி ஒரு ஊர், சிரிக்கவைக்கும் பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து பவுடர் பூசி, இரவு 10 மணிக்கு மேடையேறி விடியும்வரை ஆடுவார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதுதான் ஒத்திகைக்கு ஈடு. உங்கள் மன்றத்தில் அந்த மனப்பாடம் கிடையாது. ஆகவே எட்டு வாரமாவது ஒத்திகை வேண்டும், அதில் முதல் ஐந்து வாரம் உட்கார்ந்து பாடுவதற்கு மட்டும்.

சுவாமிகள் 1910-ல் சொந்தமாகத் தொடங்கியது சமரச சன்மார்க்க நாடக சபை. வயதுவந்த நடிகர்களின் ஒழுங்கின்மையில் சலித்துத்தான் சிறுவர்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனிப் பக்கம் திரும்பினார். 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் தி.க. சகோதரர்கள் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. கம்பெனியிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம். சொன்ன நேரத்துக்கு எழுவார்கள், சொன்னபடி பாடுவார்கள். அதில் ஒரே ஓட்டை மகரக்கட்டு. 13, 14 வயதில் தொண்டை உடைந்ததும் நேற்றுவரை கூட்டம் சேர்த்த பையன் இன்று பாட முடியாமல் நிற்பான். அந்த இடத்துக்கு இன்னொரு பையன் எப்போதும் தயாராக இருந்தாக வேண்டும். உங்கள் மன்றத்திலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு முருகன் வேடம் கொடுக்க நினைத்தால் இதை மறக்காதீர்கள். ஜூனில் பாடிய குரல் நவம்பரில் இருக்காது.

சுருதிக்கு வருவோம். நாடக மேடையின் பழைய சுருதி ஐந்து, ஐந்தரைக் கட்டை. கீபோர்டு வாசிக்கும் பிள்ளையிடம் ஐந்தரைக்கு ‘ஜி ஷார்ப்’ என்று சொன்னால் புரியும். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட அந்த உச்சம் தேவைப்பட்டது. பாட்டாலேயே பேர்வாங்கிய நாடக நடிகர் கிட்டப்பா போன்றவர்களுக்கு அது கைவந்தது. இன்றைய ஆண் குரல் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்கும், வள்ளி ஐந்தில் நிற்பாள். இருவரும் தர்க்கம், அதாவது பாட்டிலேயே வாதம், பாடும்போது வரிக்கு வரி சுருதி மாற்றினால் ஹார்மோனியக்காரர் திணறுவார், விறுவிறுப்பு செத்துவிடும். என் யோசனை: முருகன், நாரதர் இரண்டையும் பெண்களுக்கே கொடுங்கள். இது புதுமை ஒன்றும் இல்லை. பாலாமணி அம்மாள் கம்பெனியில் ஆண் வேடமும் பெண்கள்தான், கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் திரைப்படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

அடுத்தது நேரம். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குச் சட்டத்தில் இடமில்லை. 6.30-க்குத் தொடங்கினால் 9 மணிக்கு மங்களம். கடவுள் வாழ்த்துக்கும் பபூனுக்கும் சேர்த்து 10 நிமிடம். ஊரில் பபூனும் டான்சும் மட்டுமே இரண்டு மணி நேரம் இழுப்பார்கள், அந்தப் பேச்சு பலதும் குடும்பக் கூட்டத்துக்கு ஒத்துவராது. வள்ளி தினைப்புனத்துக்கு வருவது 25. நாரதர் தர்க்கம் 40. வேடன் வருகை 45. கிழவர், யானை 20. திருமணம் 10. வேலன், வேடன், விருத்தன் என்று மூன்று கோலத்தில் வருகிறவர் ஒருவரே என்பதால் கிழவருக்கு முன் உடை மாற்ற நான்கு நிமிடமாவது வேண்டும். அங்கே வள்ளிக்கு ஒரு தனிப் பாட்டு வையுங்கள். நாரதர் தர்க்கத்தை மட்டும் வெட்டிக் குறைக்காதீர்கள். நாடகத்தின் உயிர் அங்கேதான். கேள்வி ஒரு பாட்டு, பதில் ஒரு பாட்டு. வசனம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் கூட்டம் போன் எடுக்கும்.

பக்கவாத்தியத்துக்கு ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம். சத்த வேலைக்கு ஆல்ரவுண்ட் வாசிக்கிறவர் ஒருவர் கிடைத்தால் யானை வரும் காட்சி தப்பித்தது. சினிமா கரோக்கே டிராக் வேண்டவே வேண்டாம். விருத்தம் தாளம் இல்லாமல் ராகத்தில் விரிவது, பாடுகிறவர் எங்கே நிறுத்துவார் என்பது அவருக்கே அந்த நேரத்தில்தான் தெரியும், டிராக் காத்திருக்காது. தவிர, சுவாமிகள் 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் காலமானார், ஆகவே அவர் எழுத்துக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சினிமா ஒலிப்பதிவின் கதை வேறு.

பெங்களூருக்கே உரிய சிக்கல் ஒன்று. பிள்ளைகள் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். அதில் ஒரு லாபம் உண்டு: க, ச, த, ப எங்கே அழுத்தம், எங்கே மெலிவு என்பது நம் எழுத்தைவிடத் தெளிவாகத் தெரியும். நஷ்டம் ழகரமும் றகரமும். பழங்கன்னடத்தில் இரண்டுக்கும் எழுத்து இருந்தது, இன்று வழக்கில் இல்லை. எல்லாம் ளகரமாகவும் ரகரமாகவும் போய்விடும். அந்த இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, புரியட்டும் என்று சந்தி பிரித்துத் தட்டச்சு செய்வது. பிரித்ததும் அசை கூடும், தாள அடி நழுவும், மிருதங்கக்காரர் முறைப்பார். பாடும் பிரதியில் புணர்ச்சி அப்படியே இருக்கட்டும், பிரித்த வடிவத்தைப் பொருள் சொல்ல எதிர்ப் பக்கத்தில் கொடுங்கள்.

பாடத்திலும் கலப்பு உண்டு. மேடைப் பிரதிகளில் வெவ்வேறு காலத்தில் சினிமாப் பாட்டுகள் புகுந்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒவ்வொரு அடியின் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். சுவாமிகளின் கை என்றால் எதுகை தொடர்ந்து வரும். வராத பாட்டை முதலில் வெட்டுங்கள், 15 நிமிடமாவது அங்கேயே மிச்சமாகும்.