கொழும்பிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது டிஸ்லெக்சியாவைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மகன் கொழும்பில் லண்டன் ஏ லெவல் படிக்கிறான். டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் தடங்கல் தரும் கற்றல் குறைபாடு) உண்டு. அமெரிக்காவில் போட்டி கூடிய கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் இதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுப் புனர்வாழ்வுச் சட்டம், 504ஆம் பிரிவின்படி, அனுமதிக்கு முன் குறைபாடு உண்டா என்று கல்லூரிகள் பொதுவாகக் கேட்கக் கூடாது. புள்ளிகள் ஒரு வருடம் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்றால் சொல்லுங்கள்: எப்போது விழுந்தது, எப்போது கண்டுபிடித்தார்கள், பிறகு எப்படி ஏறியது. நாலு வரி போதும். விண்ணப்பத்தோடு எழுதும் 650 சொல் கட்டுரையை முழுக்க அதற்கே கொடுத்துவிட வேண்டாம்.

நீங்கள் இப்போதே யோசிக்க வேண்டியது, அமெரிக்கக் கல்லூரி அனுமதிக்கு எழுதும் சாட் (SAT) பரீட்சையின் மேலதிக நேரம். (எம்.ஐ.டி., ஹார்வர்ட் போன்றவை சாட் அல்லது அதைப் போன்ற ஏ.சி.டி. (ACT) பரீட்சையைக் கேட்கின்றன.) மேலதிக நேரத்தைத் தருவது கல்லூரி அல்ல, சாட் பரீட்சையை நடத்தும் கொலேஜ் போர்ட் அமைப்பு. பரிசீலனைக்கு ஏழு வாரம் வரை எடுக்கும். ஒக்டோபர் பரீட்சைக்கு ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் கோரிக்கைக் கோப்பு போய்ச் சேர வேண்டும். பாடசாலையில் இதற்குப் பொறுப்பாளர் இருந்தால் அவர் இணையவழி அனுப்புவார். இல்லாவிட்டால் நீங்களே தாள் படிவத்தில் அனுப்பலாம்.

பெரும்பாலும் கோப்பு அடிபடுவது ஒற்றைத்தாள் கடிதத்தால்: "டிஸ்லெக்சியா உண்டு, மேலதிக நேரம் வழங்கவும்." இங்கே அது செல்லும், அங்கே செல்லாது. நேரக் கட்டுப்பாட்டில் வாசிப்பு எவ்வளவு தடைப்படுகிறது என்பதை எண்களில் காட்ட வேண்டும்: நேரம் வைத்தும் வைக்காமலும் செய்த சோதனைகள், அவற்றின் பெயர், புள்ளிகள், சோதித்தவரின் தகைமை. அறிக்கை ஐந்து வருடத்துக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்னொன்று: வீட்டு மொழி தமிழ் என்றால், பிள்ளை ஆங்கிலம் போதாமல்தான் மெதுவாக வாசிக்கிறான் என்று பரிசீலிப்பவர் நினைக்க இடமுண்டு. தமிழ் வாசிப்பிலும் இதே தடங்கல் இருந்தால் அதையும் உளவியலாளர் குறிப்பிடட்டும். ஆசிரியர் வாய்ப் பேச்சில் "பத்து நிமிஷம் கூட எடு" என்று தந்த சலுகையைப் பாடசாலைக் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். ஏ லெவலில் 25 சதவீத மேலதிக நேரம் கிடைத்திருந்தால் அந்த அனுமதித் தாளும் நல்ல சான்று.

ஒன்றரை மடங்கு நேரம் கிடைத்தால், 2 மணி 14 நிமிடப் பரீட்சை ஏறத்தாழ 3 மணி 20 நிமிடமாகும். சீக்கிரம் முடித்தாலும் நினைத்தவுடன் எழுந்து போக முடியாது. வீட்டில் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பழகட்டும். புள்ளி அறிக்கையில் மேலதிக நேரம் பற்றிய குறிப்பு எதுவும் வராது.

இடம் கிடைத்த பிறகு கல்லூரியின் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். சாட் அனுமதி தானாக அங்கே செல்லாது. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குறைந்த பாடச்சுமை அமெரிக்க மாணவருக்குச் சாதாரண சலுகை. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவரோ, வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதியில்லாமல் பாடத்தைக் கைவிட்டு முழுநேரச் சுமைக்குக் கீழே இறங்கினால், விசா நிலையையே இழக்கலாம். மருத்துவக் காரணத்துக்காகச் சுமையைக் குறைக்கவும் ஒரு பட்ட மட்டத்தில் (உதாரணமாக இளங்கலையில்) மொத்தம் 12 மாதம்தான் அனுமதி, அதுவும் வைத்தியர் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளரின் கடிதத்தோடு. இரண்டு அலுவலகங்களுக்கும் முதல் வாரத்திலேயே போகச் சொல்லுங்கள்.