வாசகர் கேள்வி: படிக்கப் போனவள் ஆம்புலன்ஸில் போகிறாள்!

கேள்வி: என் மகள் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறாள். அங்கே மாணவர்களே நடத்தும் ஆம்புலன்ஸ் குழுவில் சேர்ந்துவிட்டாளாம். ராத்திரி டியூட்டி வேறு. இந்த வயதுப் பிள்ளைகளை நம்பி உயிரை எப்படி ஒப்படைக்கிறார்கள்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: டெக்சஸில் படித்த காலத்தில் நானும் மூன்று வருடம் இந்த வேலை பார்த்தவள்தான். "ரத்தத்தைப் பார்த்தால் உனக்கே மயக்கம் வருமே!" என்றாள் என் அம்மா.

உங்கள் மகள் சேர்ந்திருக்கும் குழுவுக்கு ஜெர்ம்ஸ் என்று பெயர். ஆம்புலன்ஸ் குழுவுக்குக் கிருமி என்று பெயர் வைக்கும் துணிச்சல் மாணவர்களுக்குத்தான் வரும்! 1982 முதல் நடக்கிறது. சொந்த ஆம்புலன்ஸ் உண்டு, கட்டணம் கிடையாது. எல்லா இடத்திலும் அப்படியில்லை. டெக்சஸில் எங்கள் குழு முதலுதவி மட்டும் செய்யும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நகரத் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ்.

இதில் சேர மருத்துவ மாணவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இஎம்டி, அதாவது அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சி கட்டாயம்: சுமார் 150 மணி நேரம், அப்புறம் தேர்வு. தேறினாலும் உடனே தனியாக விட மாட்டார்கள், கூடவே ஒரு சீனியர் வருவார். குழுவுக்கு மேலே பொறுப்பான டாக்டர் ஒருவர் இருப்பார். எந்த நிலைமைக்கு என்ன செய்யலாம் என்று அவர் எழுதி வைத்ததைத் தாண்டக் கூடாது. ஆக்சிஜன் கொடுப்போம், ரத்தப்போக்கை நிறுத்துவோம், கடும் ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின் ஊசி, போதை மருந்து அளவு மீறினால் மூக்கில் நலாக்சோன். அதற்கு மேல் வேண்டுமென்றால் எங்களைவிட அதிகப் பயிற்சி பெற்ற பாராமெடிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.

ரத்தம் பழகிவிடும். எனக்குக் கடைசிவரை பழகாதது வேறு. ஒரு சனிக்கிழமை இரவு வாக்கி டாக்கி கூப்பிட்டது. விடுதி மூன்றாவது மாடி, குளியலறைத் தரை, குடித்து நினைவிழந்த ஒரு பையன். வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். என் வேதியியல் லேப் பார்ட்னர்! ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை லேபில் பியூரெட்டை நீட்டினான், வாங்கிக்கொண்டேன். அவனுக்கு நினைவிருந்ததா? கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. நோயாளியைப் பற்றி வெளியில் வாய் திறந்தால் அன்றோடு குழுவில் இடமில்லை. ஆகவே, "நேற்று என்ன கேஸ்?" என்று நீங்களும் மகளிடம் தோண்டாதீர்கள்.

இன்னொன்று. உங்களுக்கு ஞாயிறு காலை என்றால் அவளுக்கு அது சனி இரவு, எங்கள் குழுவுக்கு வேலை அதிகம் வந்த நேரம். அப்போது போன் எடுக்காவிட்டால் பதறாதீர்கள். ஞாயிறு சாயங்காலமும் வேண்டாம், தூங்கிக்கொண்டிருப்பாள். திங்கள் காலை, இட்லிக்கு அடுப்பை மூட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்.