விருதுக்கு 75,000 ரூபா கேட்கிறார்கள், கட்டலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய் கல்வி வலயத்தில் ஒரு சிறிய பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரம் இதுதான்:

"எங்கள் பாடசாலையில் 160 பிள்ளைகள். 2020 இல் பாடசாலைகளை மூடியபோது வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பத் தொடங்கினோம். போன் இல்லாத வீடுகளுக்குப் பயிற்சித்தாள் கொடுத்துவிட்டோம். இப்போதும் மாரியில் குளம் வான் பாய்ந்து பாதை மூடினால் அப்படித்தான் செய்கிறோம். போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். தொலைக்கல்வியில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திய பாடசாலைகளுக்கான சர்வதேச விருதுக்கு எங்களைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். பதிவுக் கட்டணம் 75,000 ரூபா. பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் பெற்றோரின் போன் இலக்கங்களும் வேண்டுமாம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் கேட்போம் என்கிறார் அதிபர். கட்டலாமா? எல்லாப் பிள்ளைகளிடமும் போன் இல்லாத எங்களுக்கு உண்மையான அங்கீகாரம் எதுவும் கிடைக்குமா?"

ரீச்சர், கட்ட வேண்டாம். பட்டியலும் கொடுக்க வேண்டாம். அதிபர் பழைய மாணவர்களுக்குச் செய்தி போடுவதற்கு முன்னம் இதை அவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லையே. விண்ணப்பிக்காத பாடசாலையை எதைப் பார்த்துத் தெரிவு செய்தார்கள்? யாராவது உங்கள் வகுப்புக்கு வந்தார்களா? நீங்கள் அனுப்பிய ஒரு பாடத்தையாவது வாங்கிப் பார்த்தார்களா? அந்த மனிதரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் முகநூல் பக்கத்தைப் பார்த்தோம்" என்பார். நான் இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் கணினிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்கிற பதில் அது.

அவர்களுடைய கணக்கு எளிது. 40 பாடசாலைகள் ஆளுக்கு 75,000 கட்டினால் 30 லட்சம் ரூபா. ஒரு மண்டபம், சாப்பாடு, 40 கேடயம், மேடைக்கு ஒரு பிரமுகர், எல்லாம் போக மீதி கையில். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலை இப்படிக் கட்டிப் போய்வந்தது. கேடயத்தில் பாடசாலையின் பெயரே பிழை. அடுத்த வருடம் அதே ஆட்கள் வேறு பெயரில், வேறு "சர்வதேச" விருதோடு திரும்ப போன் எடுத்தார்கள்.

இன்னொரு வகையினர் சாமான் விற்பவர்கள். இத்தனை டெப்லெட், ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கினால் "ஸ்மார்ட் பாடசாலை" என்று சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழைக் கொடுக்க அவர்கள் யார்? பொருள் விற்றதற்குத் தர வேண்டியது பற்றுச்சீட்டும் உத்தரவாதப் பத்திரமும்தான். இவர்கள் பாடசாலைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "உங்களுக்குக் கனடாவில், லண்டனில் பழைய மாணவர் சங்கம் இருக்கிறதா" என்று. இரவு வேலை செய்து அனுப்புகிற காசு, ரீச்சர். அது கிணற்றுக்கு வரட்டும், மலசலகூடத்துக்கு வரட்டும், ஒரு போட்டோகொப்பி மெஷினுக்கு வரட்டும். கேடயத்துக்கு வரக்கூடாது.

போன் இலக்கப் பட்டியல் விசயம் காசை விட மோசம். ஒரு பாடசாலை பட்டியலைக் கொடுத்த பிறகு பெற்றோரின் போன்களுக்கு ரியூஷன் வகுப்பு விளம்பரங்கள் வந்து விழுந்ததைக் கண்டிருக்கிறேன். பிள்ளையின் பெயர், தரம், தாயின் இலக்கம் மூன்றும் சேர்ந்தால் அது விற்கக்கூடிய பொருள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், தாய்மார் பாடம் அனுப்பத்தான் உங்களிடம் இலக்கம் தந்தார்கள்.

சரி, உண்மையான அங்கீகாரத்துக்கு வருவோம்.

இந்தத் துறையில் பெரியது யுனெஸ்கோ கொடுக்கும் பரிசு. கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கென்று பஹ்ரைன் நாட்டின் நிதியில் 2005 இல் ஏற்படுத்தினார்கள். மன்னர் ஹமட் பெயரில் இருக்கிறது. இரண்டு வெற்றியாளர்களுக்கு ஆளுக்கு 25,000 அமெரிக்க டொலர். இங்கே காசு அவர்களிடமிருந்து உங்களுக்கு வருகிறது என்பதைக் கவனியுங்கள். உங்களை நீங்களே முன்மொழிய முடியாது. நாட்டின் அரசாங்கம் யுனெஸ்கோ தேசிய ஆணைக்குழு மூலம் முன்மொழிய வேண்டும், அல்லது யுனெஸ்கோவோடு உத்தியோகபூர்வ உறவுள்ள அரசசார்பற்ற நிறுவனம் முன்மொழிய வேண்டும். நம் நாட்டில் அந்த ஆணைக்குழு கல்வி அமைச்சோடு இருக்கிறது. ஆகவே "நான் யுனெஸ்கோவுக்குப் போட்டுத் தருகிறேன்" என்று ஒரு தனி ஆள் சொன்னால் போனை வைத்துவிடலாம்.

பெரிய கணினிக் கம்பனிகளும் பாடசாலைகளை அங்கீகரிப்பதுண்டு. மைக்ரோசொஃப்ட் நடத்திய ஷோகேஸ் பாடசாலைத் திட்டத்துக்குப் பாடசாலை தானே விண்ணப்பிக்க முடிந்தது, கட்டணம் இருக்கவில்லை. இப்படியான திட்டங்களின் பெயரும் விதியும் அடிக்கடி மாறும் என்பதால் அந்தக் கம்பனியின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். அப்பிளின் அங்கீகாரத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கம்பனியின் கருவியை வைத்திருக்க வேண்டும். அது நமக்குச் சரிவராது. உள்நாட்டில், தேசிய உற்பத்தித்திறன் செயலகம் நடத்தும் விருதில் பாடசாலைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. தொழில்நுட்பத்துக்கென்றே வந்த விருது இல்லைதான், ஆனாலும் உங்களைப் போன்ற பாடசாலைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். மதிப்பிடுபவர்கள் நேரில் வந்து கொப்பியைத் திறந்து பார்ப்பார்கள்.

காசு கேட்டால் போலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தரகர்கள் அதற்குள்தான் ஒளிந்துகொள்கிறார்கள். உண்மையான விருதுக்கும் போகவர நீங்கள் செலவழிக்க வேண்டி வரலாம். மாங்குளத்தில் இரவு பஸ் ஏறிக் கொழும்பு போய் ஒரு நாள் தங்கி வருவதற்கு யாரும் காசு தராமல் போகலாம். அது போலி என்பதற்கு அடையாளம் அல்ல. ஆனால் அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். பஸ்காரருக்கும் தங்குமிடத்துக்கும் நீங்களே கொடுத்து நீங்களே ரிக்கெட்டும் பற்றுச்சீட்டும் வாங்கினால் அது பயணச் செலவு. "பயணமும் தங்குமிடமும் நாங்கள் ஒழுங்கு செய்கிறோம், மொத்தமாக இந்தக் கணக்கில் போடுங்கள்" என்றால் அது பெயர் மாற்றிய பதிவுக் கட்டணம். கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தால் பேச்சே வேண்டாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசில் போவதென்றால் கூட்டத்தில் தீர்மானம் எடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, பெண் பிள்ளைகள் போனால் ஓர் ஆசிரியை, இவை இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். இவ்வளவும் செய்தும் செலவு ஒரு நியாயமான தொகைக்குள்தான் நிற்கும். 75,000 வராது.

இனி உங்கள் மற்றக் கேள்வி. எல்லாரிடமும் போன் இல்லை என்பதை மறைக்காதீர்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அதை எழுதுங்கள்.

ஒரு மணித்தியாலம் வீடியோவோடு ஸூம் வகுப்பு வைத்தால் அரை ஜிபிக்கு மேல் போகும். 10 நிமிடம் பேசி அனுப்பிய குரல்பதிவு 2 எம்பி அளவில் முடியும். கவரேஜ் இல்லாத வீட்டுப் பிள்ளை மாலையில் தகப்பன் வயலால் வந்த பிறகு போனை வாங்கி, ரோட்டுக்கரைக்கு வந்து அதை இறக்கிக்கொண்டு போய்க் கேட்கலாம். ஸூம் வகுப்பு அந்த நேரத்துக்கு முடிந்து போயிருக்கும். நீங்கள் வட்ஸ்அப்பைத் தெரிவு செய்தது வசதியில்லாததால் என்று தலை குனிந்து எழுத வேண்டாம். இந்த இடத்துக்குப் பொருந்திய தெரிவு என்று காரணத்தோடு எழுதுங்கள். தாளில் போன பாடத்தையும் சேர்த்துத்தான் அது கலப்பு முறை.

சான்றுக்கு முழுப் பாடசாலையையும் இழுக்காதீர்கள். ஒரு தரம், ஒரு பாடம், ஒரு தவணை போதும். 8 ஆம் தரக் கணிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டு, பாடம் எந்த வழியில் போனது, விடை திரும்பி வந்ததா, வராவிட்டால் நீங்கள் அடுத்து என்ன செய்தீர்கள் என்று ஓர் அட்டவணையாக எழுதுங்கள். அந்தக் கடைசி நிரலைத்தான் நேர்மையான மதிப்பீட்டாளர் வாசிப்பார். கடைக்காரரிடம் தாள் கொடுத்துவிட்டது, அயல்வீட்டு அக்காவிடம் படித்தது, நீங்கள் சைக்கிளில் போய் வந்தது எல்லாம் அங்கே வரட்டும். 2022 ஜூலை கடைசியில், எரிபொருள் இல்லாமல் கிழமைக்கு மூன்று நாள் மட்டும் பாடசாலை என்று வைத்தார்களே, அந்தக் கிழமைகளின் பதிவு இருந்தால் அது நல்ல சான்று. திகதியும் அரசு அறிவித்தலும் எல்லாருக்கும் தெரிந்தவை.

பழைய வட்ஸ்அப் குழுவை இன்றைக்கே சேமியுங்கள். குழுவின் அமைப்பில் அரட்டையை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, அதை அழுத்தி உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். போன் மாற்றினால், விழுந்து உடைந்தால் அவ்வளவும் போய்விடும். படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது எடுத்த திகதி விபரம் கழன்றுவிடும். எடுத்த போனில் உள்ள மூலப்படம் வேண்டும். பிள்ளைகளின் முகம் தெரியாமல் கொப்பியும் கையும் தெரிகிற படம் போதும்.

இதையெல்லாம் நீங்கள் தனியாகச் செய்ய வேண்டி வருகிறதே என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது. மேலிருந்து வந்த படிவங்களில் நான் கண்டதெல்லாம் எத்தனை ஸூம் வகுப்பு நடந்தது, எத்தனை கணினி இருக்கிறது என்ற கேள்விகள். எந்தப் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேரவில்லை என்று கேட்ட படிவம் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. விருது அறிவித்தல் ஒன்று எனக்குத் தெரிந்த பாடசாலைக்கு முடிவுத் திகதி கழிந்து மூன்றாம் நாள் வந்தது, அதுவும் சிங்களத்தில். தரகர் நுழைவது இந்த இடைவெளியால்தான். அலுவலகங்கள் நேரத்துக்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினால் அவருக்கு வன்னியில் வேலையே இல்லை.

அதனால் காத்திருக்க வேண்டாம். அதிபரின் கையெழுத்தோடு வலயத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இந்த வருடம் பாடசாலைகளுக்குத் திறந்திருக்கும் விருதுகள் எவை, முடிவுத் திகதி என்ன, யுனெஸ்கோ பரிசுக்கான முன்மொழிவுக்கு யாரிடம் கொடுப்பது என்ற மூன்றையும் கேளுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கிக் கோவையில் போடுங்கள். தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகருக்கும் ஒரு பிரதி.

கொழும்பு மனிதருக்கு அதிபர் இப்படி ஒரு செய்தி போடட்டும்: "உங்கள் நிறுவனத்தின் பதிவு இலக்கம், மதிப்பீட்டு விதிகள், எங்களைத் தெரிவு செய்த காரணம் மூன்றையும் எழுத்தில் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். அவர் அனுமதித்தால் பேசுவோம்." அதற்குப் பிறகும் அவர் போன் எடுத்தால் எனக்கு எழுதுங்கள்.