சிவப்பு லைட் எரிகிறதா, அதை எழுதுங்கள்

கேள்வி: அண்ணை, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறோம். எங்கள் 43 அங்குல எல்இடி டீவி வாங்கி ஆறு வருடம். போன கிழமை பின்னேரம் இடி மின்னலோடு மழை. கரண்டும் இரண்டு மூன்று தடவை போய் வந்தது. இரவு மாமி நாடகம் பார்க்க ரிமோட்டை அழுத்தினால் டீவியில் அசைவே இல்லை. திருத்தக் கூப்பிட்ட பாஸ் ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "மதர்போர்ட் போய்விட்டது, புதுசு வாங்குங்கள், இதை நானே எடுத்துக்கொண்டு போகிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. அந்த அளவு டீவியின் பின்மூடியைத் திறக்க ஒரு டசின் ஆணியாவது கழற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, திரும்பப் பூட்டியிருந்தால் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். திறக்காமலே மதர்போர்ட் என்றவர் டீவியையும் கேட்கிறார் என்றால், அவர் கண் பேனலில், அதாவது திரையில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் விலை கூடிய சாமானே உடையாத பேனல்தான்.

இவ்வளவு எழுதிய நீங்கள் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். டீவியின் கீழ் விளிம்பில் இருக்கும் சின்னச் சிவப்பு லைட் எரிகிறதா? எரிந்தால் சுவரிலிருந்து கரண்ட் வருகிறது, கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டும் பாதியாவது உயிரோடு இருக்கிறது. எரியாவிட்டால் சந்தேகத்தைச் சுவரிலிருந்து தொடங்குங்கள்.

சிரிக்காதீர்கள். பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு மீட்டரும் பெட்டியுமாக மூன்று மாடி ஏறிப் போனேன். கூட்டித் துடைத்தபோது யாரோ சுவர் சுவிட்சை நிற்பாட்டியிருந்தார்கள். காசு வாங்க மனம் வரவில்லை, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு இறங்கினேன். ஆகவே அதே சொக்கெட்டில் மேசை ஃபேனைச் செருகிப் பாருங்கள். மல்ட்டி பிளக், அடாப்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டீவியை நேரே சுவரில் கொடுங்கள். கொழும்பின் பழைய வீடுகளில் வட்டக் கால் சொக்கெட்டும் சதுரக் கால் பிளக்கும் கலந்து கிடக்கின்றன. நடுவில் நிற்கும் அடாப்டர் தளர்ந்து, சூடேறி, கறுத்துப்போவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சதுரக் கால் 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள் ஒரு ஃபியூஸ் உண்டு. கழற்றி மாற்றிப் பாருங்கள். டீவிக்கு 3 அல்லது 5 அம்பியர் போதும். வயரின் மறு நுனி டீவியின் முதுகில் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அப்புறம், பிளக்கைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். ரிமோட்டில் நிற்பாட்டுவது நிற்பாட்டுவதே இல்லை, டீவி அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். கழற்றிய பிறகு டீவியிலேயே இருக்கும் பொத்தானைத் தேடுங்கள். கீழ் விளிம்பின் நடுவிலோ முதுகுப் பக்க மூலையிலோ ஒளிந்திருக்கும். அதை முப்பது செக்கன் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி செருகுங்கள். கரண்ட் படபடவென்று போய் வரும்போது உள்ளே இருக்கும் குட்டி மூளை பாதி வழியில் சிக்கிக்கொள்வதுண்டு. மிச்ச மின்சாரம் வடிந்தால்தான் அது முதலிலிருந்து தொடங்கும்.

உங்கள் விசயத்தில் இடியும் இருக்கிறது. மின்னல் கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை. டிஷ் வயரால் வந்து, டிகோடருக்குள் புகுந்து, எச்டிஎம்ஐ வழியாக டீவியைத் தாக்கும். எச்டிஎம்ஐ, யூஎஸ்பி, அன்டெனா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கரண்ட் வயரோடு போட்டுப் பாருங்கள். உயிர் வந்தால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது மறுபடி படுக்கிறதோ, குற்றவாளி அங்கே.

சிவப்பு லைட் எரிந்தும் ரிமோட்டுக்கு அசையவில்லை, டீவியின் பொத்தானை அழுத்தினால் வருகிறது என்றால் ரிமோட்தான். கைபேசியின் முன் கமராவுக்கு நேரே ரிமோட்டைப் பிடித்து அழுத்துங்கள். நுனியில் வெளிச்சம் மின்னுவது தெரிய வேண்டும். உங்கள் பக்க உப்புக் காற்றில் பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்துப்போகும். நகம் தேய்க்கும் அரத்தால் சுரண்டிவிடலாம். லைட் விட்டுவிட்டு மின்னினால் எத்தனை தரம் மின்னி நிற்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். கம்பனிக்குக் கம்பனி கணக்கு வேறு, ஆனால் திருத்துகிறவருக்கு அது பாதி வேலை.

இதற்கும் மசியாவிட்டால் வேறு ஒருவரைக் கூப்பிடுங்கள். உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பவர் போர்டில் ஸ்டேண்ட்பை, அதாவது அரைத் தூக்கத்துக்கான ஐந்து வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள் (சில பெட்டிகளில் அது மூன்றரைக்குக் கிட்ட இருக்கும்). மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டி உருளைகளான கப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பொரித்த பூரி மாதிரி உப்பியிருந்தால் அதை மாற்றினாலே பல டீவி எழும்பிவிடும். அந்தக் கப்பாசிட்டரின் விலை அவர் வந்த த்ரீவீல் காசுக்கும் காணாது. மாற்றிய சாமானைத் திருப்பிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நீங்களோ வீட்டுப் பெடியன்களோ திறக்கக் கூடாது. 230 வோல்ட் உள்ளே போய் 320க்கு மேல் ஏறிப் பெரிய கப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கும். வேலை பழகிய காலத்தில் எனக்கு இடது கையில் விழுந்த அடியை என் முதலாளி இன்றைக்கும் கதையாகச் சொல்லுவார்.

கேள்வி: சத்தம் வருகிறது, படம் இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. டீவி செத்துவிட்டதா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை ஐயா, விளக்கு அணைந்திருக்கிறது. அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் திரைக்குக் கிட்டச் சாய்த்துப் பிடியுங்கள். மங்கலாக உருவங்கள் அசைந்தால் பேனல் நல்லது, பின்னால் இருக்கும் எல்இடி பட்டிகளில்தான் பழுது. பழைய கிறிஸ்மஸ் பல்ப் மாலை மாதிரி, குண்டுமணி அளவு எல்இடி ஒன்று போனால் முழு வரிசையும் அணையும். மாற்றுவதென்றால் எல்லாப் பட்டியையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரமே அடுத்தது போகலாம். பேனலை அப்பளம் மாதிரித் தூக்க வேண்டிய வேலை இது. எத்தனை பேனல் தூக்கிக் கைப்பழக்கம் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். திருத்திய பிறகு பேக்லைட் அளவைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், கடையில் காட்சிக்கு வைத்த வெளிச்சம் வீட்டுக்குத் தேவையில்லை.

கேள்வி: டீவிக்கு ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா, நானா?
- வாசகி, தெமட்டகொட

பதில்: டீவியின் முதுகில் ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள் தங்கச்சி. 100-240 வோல்ட் என்று இருந்தால் தேவையில்லை. அந்தக் காசில் கரண்ட் வந்து கொஞ்ச நேரம் கழித்தே அதை டீவிக்கு விடுகிற காவல் பெட்டி (டீவி கார்ட்) ஒன்று வாங்குங்கள். இடிக்கு அதுவும் காப்பில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கோடு அன்டெனா வயரையும் கழற்றுங்கள். பாதிப் பேர் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு அடுத்த நாள் எனக்குப் போன் எடுக்கிறார்கள்.